இனி எல்லாம் மெமரிதான்!

புது ப்ராசஸர்களும் கிராபிக்ஸ் கார்டுகளும் வரிசைகட்டி நிற்கும் நேரம் இது. கேமிங் பிசி கட்ட நினைப்பவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

379 டாலர். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1070 கிராபிக்ஸ் கார்டு 2016 ஜூனில் வந்தபோது அதன் ஆரம்ப விலை அது. கார்டில் இருந்த மெமரி 8 ஜிபி. 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டை இறக்கியது. அதன் குறைந்த விலை மாடலும் 379 டாலர்தான், மெமரியும் அதே 8 ஜிபிதான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் கார்டுகளின் கணக்குப் போடும் திறன் பல மடங்கு ஏறிவிட்டது. ரே ட்ரேசிங் வந்தது, ஏஐ வந்தது, 4கே மானிட்டர்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. அந்த விலையில் என்விடியா தரும் மெமரி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ப்ராசஸர் ஆகட்டும், கிராபிக்ஸ் கார்டு ஆகட்டும், அடுத்து வரப்போகும் சிப்களின் கதை மெமரியைச் சுற்றியே நடக்கப்போகிறது. எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டே பழகிவிட்டோம். அந்தக் கேள்விகளை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

வேகத்தைக் குறைத்து ஜெயித்த சிப்

144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உங்கள் பிசிக்குக் கிடைக்கும் அவகாசம் 6.9 மில்லி செகண்ட். அதற்குள் எதிரி எந்த மூலையில் நிற்கிறான், தோட்டா எந்தச் சுவரில் பட்டது, நீங்கள் மவுஸை எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதையெல்லாம் ப்ராசஸர் கணக்கிட வேண்டும். பிறகு எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்கு ஒரு துடிப்பு என்பது 0.2 நானோ செகண்ட். தேவையான தரவு ரேமில் இருந்தால், அதை எடுத்துவர சுமார் 70 நானோ செகண்ட் ஆகும். ஏறத்தாழ 350 துடிப்புகள் அந்த ஒரு தரவுக்கான காத்திருப்பிலேயே கரைந்துவிடும். கேஷ் மெமரி என்பது அடுப்பு மேடையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி என்றால், ரேம் தெருமுனை மளிகைக் கடை. தாளிக்கும் நேரத்தில் கடுகு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் சமையல் நடக்கும்.

கேம்களின் தரவு பெரியது, சிதறியும் கிடப்பது. அதனால் வழக்கமான கேஷில் அது அடங்குவதில்லை. இதற்கு ஏஎம்டி கண்ட வழிதான் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. சிப்பில் ஏற்கெனவே இருந்த 32 எம்பி எல்3 கேஷின் தலைமேல், இன்னொரு 64 எம்பி கேஷ் துண்டை அடுக்கி ஒட்டினார்கள். இடையில் ஈயப் பற்று எதுவும் கிடையாது. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் உருவாக்கிய முறையில் செம்போடு செம்பு நேரடியாகப் பிணைந்தது. மொத்தம் 96 எம்பி.

அந்தச் சிப்பின் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அடுக்கு இல்லாத அதன் உடன்பிறப்பான 5800எக்ஸ், 4.7 வரை போகும். இருந்தும் பெரும்பாலான கேம்களில் வேகம் குறைந்த சிப்தான் முந்தியது. பிசி கேமிங்கின் அண்மை வரலாற்றில் இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

அந்த வடிவமைப்பில் ஒரு சிக்கல் இருந்தது. மேலே உட்கார்ந்த கேஷ், கீழே கொதிக்கும் கோர்களின் வெப்பம் வெளியேறும் வழியை அடைத்தது. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் ஏஎம்டி அடுக்கைத் தலைகீழாக மாற்றியது. கேஷ் கீழே போனது, கோர்கள் மேலே ஏறிக் கூலருக்கு நெருக்கமாக வந்தன. வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. ஓவர்கிளாக் செய்யும் கதவும் திறந்தது. 2026 ஜனவரியில் வந்த 9850எக்ஸ்3டி, அதே வடிவமைப்பை 5.6 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இன்டெல் இதே பாடத்தை எதிர்த்திசையில் கற்றது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் கோர்கள் ஒரு துண்டிலும், ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இன்னொரு துண்டிலுமாகப் பிரிந்தன. மின்சாரச் செலவு குறைந்தது, வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில் திறமை தெரிந்தது. ஆனால் தரவு இரண்டு துண்டுகளுக்கு இடையே நடக்கும் தூரம் கூடியதால், பல கேம்களில் தன் முந்தைய தலைமுறை 14900கே-விடமே அந்தச் சிப் தோற்றது.

அடுத்த சுற்றில் யார்?

ஏஎம்டியின் அடுத்த தலைமுறை ஜென் 6. டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாராகிறது. அந்த நுட்பத்தை முதலில் எட்டியது சர்வர்களுக்கான 'வெனிஸ்' சிப். அதில் 256 கோர்கள் வரை இருக்கும் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. முதல் மரியாதை டேட்டா சென்டருக்கு என்பது இதிலேயே தெரியும். மேசைக் கணினிகளுக்கான ஜென் 6-ல், ஒரு துண்டில் இப்போதுள்ள 8 கோர்கள் 12 ஆகும் என்று கசிவுகள் சொல்கின்றன. அதைவிட உறுதியான நல்ல செய்தி ஒன்று உண்டு. 2022-ல் அறிமுகமான ஏஎம்5 சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு தொடரும் என ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கிறது.

வாக்கைக் காப்பாற்றுவார்களா என்று சந்தேகப்படுபவர்கள் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டைப் பார்க்கலாம். 2017-ல் முதல் ரைசனோடு வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸ் அப்டேட் செய்துவிட்டு 2022-ன் 5800எக்ஸ்3டி-யை அப்படியே பொருத்திக்கொள்ள முடிந்தது.

இன்டெல்லின் பதில் 'நோவா லேக்'. 2026 இறுதியில் வரும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. 52 கோர்கள், புது சாக்கெட், எக்ஸ்3டி-க்குப் போட்டியாக மிகப் பெரிய கேஷ் என்று கசிவுகள் அடுக்குகின்றன. தலைப்புச் செய்தி ஆவதென்னவோ 52 கோர்கள்தான். ஆனால் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது 8 கோர்கள். பெரிய கேம்கள் அந்த எட்டை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. கேமருக்கு 52 கோர்களால் வரும் லாபம் சொற்பம். அந்தப் பெரிய கேஷ் உண்மையானால் மட்டுமே போட்டி சூடுபிடிக்கும்.

பதினாறில் ஒரு புள்ளி

2025 ஜனவரி. லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலர் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு இணையாக ஓடும் என்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்தது டிஎல்எஸ்எஸ் 4 என்ற ஏஐ நுட்பம்.

4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். டிஎல்எஸ்எஸ்-ஸை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் வைத்தால், கார்டு 1080பி அளவில், அதாவது நான்கில் ஒரு பங்கு புள்ளிகளை மட்டுமே வரைகிறது. மீதியை ஏஐ நிரப்புகிறது. அதன்மேல் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதி, கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று ஃபிரேம்களை ஏஐயால் உருவாக்கி இடையில் செருகுகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் 16 புள்ளிகளில் கேம் உண்மையில் வரைந்தது ஒன்றைத்தான். 2026-ல் வந்த டிஎல்எஸ்எஸ் 4.5, இந்தப் பெருக்கலை ஆறு மடங்கு வரை கொண்டுபோகிறது.

இது ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. சிறிய படத்தைப் பெரிதாக்கும் பகுதி இன்று வியக்கும்படி இருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4-ம் அந்தத் தரத்தை நெருங்கிவிட்டது. ஆனால் செருகப்படும் ஃபிரேம்களை வேகம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைச் செருக வேண்டுமானால், இரண்டாவது ஃபிரேம் தயாராகும் வரை முதலாவதை நிறுத்திவைத்தாக வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம்களை (எஃப்பிஎஸ்) 120 ஆக்கினால் கண்ணுக்கு 120 தெரியும், மவுஸைப் பிடித்த கைக்கு 30-ன் மந்தம்தான் தெரியும். அடிப்படை வேகம் 60-க்கு மேல் இருக்கும்போது இந்த வசதி வரம். அதற்குக் கீழே இருந்தால், எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதோடு சரி.

இந்த வசதிகளுக்கும் மெமரி வேண்டும். ஃபிரேம் ஜெனரேஷனும் ரே ட்ரேசிங்கும் கார்டின் மெமரியில் தமக்கென இடம் பிடிக்கின்றன. 8 ஜிபி நிரம்பி வழியும்போது நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

5060 டிஐ-யின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவை வழங்கும். அதில் இடமில்லாத டெக்ஸ்சர்கள் பிசியின் ரேமுக்குத் துரத்தப்பட்டு, பிசிஐஇ பாதை வழியே வந்துபோக வேண்டும். இந்தக் கார்டுக்கு அந்தப் பாதையில் எட்டே தடங்கள். புத்தம்புது பிசிஐஇ 5.0 மதர்போர்டில் அது ஒரு திசையில் நொடிக்கு சுமார் 32 ஜிபி. பிசிஐஇ 4.0 போர்டில் 16 ஜிபி. பழைய 3.0 போர்டில் வெறும் 8 ஜிபி. 448 எங்கே, 8 எங்கே!

திரையில் இது எப்படித் தெரியும்? கதவைத் திறந்து புது அறைக்குள் நுழையும்போது ஒரு நொடி படம் விக்கி நிற்கும். சுவரில் செங்கல் தெரிய வேண்டிய இடத்தில் களிமண் பூசியதுபோல ஒரு மங்கல் வந்து, சில நொடிகள் கழித்தே தெளியும். சராசரி எஃப்பிஎஸ் எண்ணில் இதெல்லாம் ஒளிந்துகொள்ளும். பழைய பிசிக்கு உயிர் கொடுக்கலாம் என்று குறைந்த விலைக் கார்டு வாங்குபவரே இதில் அதிகம் அடிபடுகிறார் என்பதுதான் வேதனை.

இதே கார்டின் 16 ஜிபி மாடல் 429 டாலருக்கு அறிமுகமானது. வித்தியாசம் 50 டாலர். அந்த 50 டாலர்தான் ஒரு கார்டு இரண்டு வருடம் உழைக்குமா, ஐந்து வருடம் உழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. 249 டாலருக்கு இன்டெல் ஆர்க் பி580-ஐ 12 ஜிபியோடு கொடுத்தது. 599 டாலருக்கு அறிமுகமான ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யில் 16 ஜிபி இருக்கிறது. மனமிருந்தால் மெமரி கொடுக்க முடியும் என்று போட்டியாளர்கள் காட்டிவிட்டார்கள்.

காத்திருந்தால் என்ன வரும்?

சிஇஎஸ் 2026-ல் என்விடியா புதிய கேமிங் கார்டு எதையும் அறிவிக்கவில்லை. 'சூப்பர்' மாடல்கள் வரும் என்ற பேச்சு நீண்ட நாளாக ஓடுகிறது. அந்தப் பேச்சில் ஒரு தொழில்நுட்ப நியாயம் உண்டு. இதுவரை கார்டுகளில் பொருத்திய ஜிடிடிஆர்7 மெமரி சிப் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 ஜிபி. 3 ஜிபி சிப்களும் இப்போது தயாராகின்றன, ஆர்டிஎக்ஸ் 5090 லேப்டாப்பில் 24 ஜிபி வந்தது அவற்றால்தான். அதே சிப்களை மேசைக் கார்டுகளில் வைத்தால், வேறு பெரிய மாற்றம் இல்லாமலே 12 ஜிபி கார்டு 18 ஆகும், 16 ஜிபி கார்டு 24 ஆகும். அந்த ஒரு மாற்றமே ஒரு புதுத் தலைமுறைக்குச் சமம்.

ஏஎம்டி பக்கம், சோனியோடு சேர்ந்து நடக்கும் 'அமெதிஸ்ட்' திட்டம் கவனிக்க வேண்டியது. பிளேஸ்டேஷனின் வடிவமைப்பாளர் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் 2025 அக்டோபரில் அதன் மூன்று தூண்களை விளக்கினார்கள். ஏஐ கணக்குகளைப் பகிர்ந்து செய்யும் அலகுகள், ரே ட்ரேசிங்குக்கெனத் தனி வன்பொருள், ஜிபியுவுக்குள் நகரும் தரவு அனைத்தையும் சுருக்கி அனுப்பும் முறை. மூன்றாவதைக் கவனியுங்கள். மெமரிப் பாதையின் நெரிசலைக் குறைக்கவே அது பிறந்திருக்கிறது. ஆனால் இவை சில ஆண்டுகள் தள்ளி வரப்போகும் சிப்களுக்கானவை.

இதற்கிடையே 2025 செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலரை இன்டெல்லில் முதலீடு செய்வதாக அறிவித்தது. இன்டெல் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் சேர்ந்து வர அது வழி திறக்கிறது.

கேமர் கடைசி வரிசையில்

2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மிகப் பெரிய வருமானம் கேமிங்தான். கேமிங் சுமார் 1,250 கோடி டாலர், டேட்டா சென்டர் சுமார் 1,060 கோடி. மூன்றே ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் டேட்டா சென்டர் 11,500 கோடி டாலரைத் தாண்டியது. கேமிங் சுமார் 1,135 கோடி. அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்த வாடிக்கையாளர்கள், இன்று அதன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதன் விளைவு ரேம் விலையில் வெடித்தது. உலகின் டிராம் மெமரியில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏஐ சிப்களுக்கு வேண்டிய எச்பிஎம் மெமரி, பிசியில் போடும் டிடிஆர்5, கார்டில் வைக்கும் ஜிடிடிஆர்7 மூன்றும் இவர்களின் ஆலைகளில்தான் பிறக்கின்றன. ஒரு ஜிபி எச்பிஎம் செய்யச் செலவாகும் சிலிக்கான் தகட்டில் ஏறத்தாழ மூன்று ஜிபி டிடிஆர்5 செய்துவிடலாம் என்பது மைக்ரானே சொன்ன கணக்கு. லாபம் அதிகம் தரும் எச்பிஎம் பக்கம் ஆலைகள் திரும்பத் திரும்ப, நமக்கான ரேம் சுருங்கியது.

2025-ன் நடுவில் 100 டாலர் அளவில் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 கிட்கள் பல, ஆண்டு முடிவதற்குள் 300 டாலரைத் தாண்டின. 2025 டிசம்பரில் மைக்ரான், 29 ஆண்டுகளாக நடத்திவந்த 'குரூஷியல்' சில்லறை வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான பிசிக்களில் இருக்கும் பெயர் அது. மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டிவரும் புது ஆலையின் உற்பத்தியே 2027-ல்தான் தொடங்கும். ஆகவே விலை ஒரு பண்டிகை சீசனில் இறங்கிவிடும் என்று நம்பிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

நம்ம ஊர் கணக்கு

அமெரிக்க விலையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பவருக்கு இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். 1,999 டாலர் ஆர்டிஎக்ஸ் 5090-க்கு என்விடியா இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாய், 549 டாலர் 5070-க்கு 59,000 ரூபாய். கடையில் பார்ட்னர் நிறுவனங்களின் மாடல்கள் அதற்கும் மேலே போயின.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. 5090 மட்டுமே 575 வாட் வரை இழுக்கும், 1000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கேம் ஓடும் நேரத்தில் கரண்ட் போனால் அந்த யுபிஎஸ் பிசியைக் காப்பாற்றாது. கார்டுக்குப் பட்ஜெட் போடும்போதே யுபிஎஸ்-க்கும் போட்டுவிடுங்கள்.

என்ன வாங்கலாம்?

• வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களை 1080பி-யில் ஆடுபவர்களுக்கு ப்ராசஸர்தான் முக்கியம். ஏஎம்5 போர்டில் ஒரு எளிய ரைசன் 5-ஓடு தொடங்குங்கள். பின்னால் எக்ஸ்3டி-க்கு மாறிக்கொள்ளும் வழி திறந்தே இருக்கும்.

• 1440பி-யில் பெரிய கேம்கள் ஆடுபவர்கள் 16 ஜிபிக்குக் குறைந்த கார்டைத் தொடாதீர்கள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 5060 டிஐ 16 ஜிபி, பட்ஜெட் இடம் கொடுத்தால் 9070 எக்ஸ்டி.

• 4கே ஆசை உள்ளவர்கள் பணத்தைக் கார்டில் கொட்டுங்கள். அந்த அளவில் ப்ராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடும்.

• டிடிஆர்4 ரேமோடு ஏஎம்4 பிசி வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிடாதீர்கள். கார்டை மட்டும் மாற்றுங்கள். பி580 வாங்குவதாக இருந்தால், உங்கள் போர்டில் ரீசைஸபிள் பார் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிகப் பழைய ப்ராசஸரோடு அந்தக் கார்டு சேர்ந்தால் முழு வேகம் கிடைக்காது.

• ரேம் விலைக்குப் பயந்து ஒற்றை ஸ்டிக் போடாதீர்கள். இரண்டாகப் போட்டால்தான் முழுப் பாதையும் திறக்கும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள். அதைச் செய்யாமல், காசு கொடுத்து வாங்கிய 6000 வேக ரேமை 4800-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

• இன்டெல் 13, 14-ம் தலைமுறை சிப்களைப் பழையதாக வாங்கினால், வாரன்டி மீதம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கியதும் பயாஸ் அப்டேட் செய்யுங்கள். அந்தத் தலைமுறையின் வோல்டேஜ் கோளாறுக்கு இன்டெல் 2024-ல் திருத்தம் வெளியிட்டிருக்கிறது.

வாங்குபவரின் குரல்

இவ்வளவு பெரிய ஏஐ சந்தைக்கு முன்னால் ஒரு கேமரின் குரல் எடுபடுமா என்று கேட்கலாம். எடுபட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் என்விடியா, ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை அறிவித்தது. 12 ஜிபி கார்டில் குறைந்திருந்தது மெமரி மட்டுமல்ல, உள்ளே இருந்த சிப்பே வேறு, சிறியது. விமர்சகர்களும் கேமர்களும் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். அக்டோபரில், கடைக்கு வரும் முன்பே என்விடியா அந்த 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றது. 899 டாலர் விலை சொன்ன அதே கார்டு, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது.

கேட்டதால் நூறு டாலர் குறைந்தது, பெயரும் நேர்மையானது. அடுத்த தலைமுறை அறிவிப்புகள் வரும்போதும் மேடையில் எஃப்பிஎஸ் பட்டைகள் வானம் வரை உயரும், கோர் எண்ணிக்கைகள் மின்னும். அப்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. கேஷ் எவ்வளவு? கார்டில் மெமரி எவ்வளவு? ஏஐ செருகிய ஃபிரேம்களைக் கழித்தால் மிஞ்சும் எஃப்பிஎஸ் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் நேரான பதில் தராத சிப்புக்கு, வந்த முதல் நாளே பணத்தை நீட்டாதீர்கள்.